அரைக்காத மாவு, நீற்றாத சுண்ணாம்பு

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்குச் சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில், பழைய கிரேக்கச் சொற்களைப் பற்றியவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

“எங்கள் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஆய்வக ரிப்போர்ட்டில் அமைலோஸ், அமைலோபெக்டின், அமைலேஸ் என்று வருகிறது. இந்த ‘அமைல்’ என்ன சொல்? இன்னொன்று: அயோடின் விட்டுப் பார்த்தால் சில நேரம் நீலமே வராமல் போகிறதே, ஏன்?”
— ஆலைப் பணியாளர், ஆத்தூர்

ஸ்டார்ச்சுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ‘அமூலோன்’. ‘மூலே’ என்றால் மாவு அரைக்கும் திரிகைக் கல். முன்னால் நிற்கும் ‘அ’ இல்லை என்று சொல்கிற ‘அ’. அநீதி, அசுத்தம் என்கிற வடசொற்களில் இருக்கும் அதே ‘அ’தான், வடமொழியும் கிரேக்கமும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டிலும் இருக்கிறது. ஆக, அமூலோன் என்றால் ‘திரிகையில் அரைக்காதது’.

அரைக்காமல் மாவு எப்படி வரும்? கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் டியோஸ்கோரிடீஸ் செய்முறையையே எழுதிவைத்திருக்கிறார். கோதுமையைச் சுத்தம் செய்து தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பகலில் ஐந்து முறை தண்ணீர் மாற்ற வேண்டும், முடிந்தால் இரவிலும். நன்றாக நெகிழ்ந்ததும் மேல்தண்ணீரை மெதுவாக இறுத்துவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டுக் காலால் மிதிக்க வேண்டும். மிதக்கும் தவிட்டை அரித்தெடுத்து, பாலை வடிகட்டி, புது ஓட்டின் மேல் கடும் வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரம் நின்றால் புளித்துப்போகும் என்று எச்சரிக்கையும் சொல்கிறார். குச்சிக்கிழங்குக்குப் பதில் கோதுமை, கிழங்கை அரைக்கும் ராஸ்பர் இயந்திரத்துக்குப் பதில் கால். மற்றபடி பால் எடுப்பது, திப்பியைப் பிரிப்பது, தொட்டியில் மாவைத் தெளியவிடுவது, வெயிலில் காயப்போடுவது எல்லாம் உங்கள் ஆலை வேலைதான். மழை நாளில் களத்து மாவு புளிப்பதும் உங்களுக்குப் புதிதல்ல.

அந்த அமூலோன் லத்தீனில் ‘அமைலும்’ ஆயிற்று. அதிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வேதியியலார் அமைலோஸ் (ஸ்டார்ச்சின் ஒரு பகுதி), அமைலேஸ் (ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி) என்று அடுக்கினார்கள். அமைலோபெக்டினில் வரும் பெக்டின் என்பது ‘பெக்டோஸ்’, அதாவது உறைந்தது, கெட்டியானது.

இனி அயோடின். 1811-இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து கிடைத்த இந்தத் தனிமத்தைச் சூடாக்கினால் ஊதா ஆவி வரும். ‘இயான்’ என்றால் ஊதா நிற வயலட் பூ. அந்தப் பூ நிறத்தது என்பதுதான் பெயரின் பொருள். ஸ்டார்ச்சில் பட்டால் வரும் நீலத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அமைலோஸ் மூலக்கூறு சுருள் கம்பி மாதிரி வளைந்திருக்கிறது (இதற்கான ‘ஹீலிக்ஸ்’ என்ற சொல்லும் கிரேக்கம்தான்). அந்தச் சுருளுக்குள் அயோடின் வரிசையாக உட்காரும்போது நீலம் தெரிகிறது.

உங்கள் சோதனை தவறுவதற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். கொதிக்கிற கஞ்சியில் அயோடின் விட்டால் சுருள் தளர்ந்து நிறம் மறைந்துவிடும்; ஆறினால் திரும்பி வரும். சிட்டிகை மாவை அரை டம்ளர் தண்ணீரில் காய்ச்சி, கை பொறுக்கும் அளவுக்குக் கீழே ஆறவிட்டு, ஒரு துளி மட்டும் விடுங்கள். மருந்துக் கடையில் புண்ணுக்குத் தரும் போவிடோன் அயோடினே போதும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த நீலத்தை வைத்து ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டுமே அமூலோன், இரண்டுமே நீலம் காட்டும். அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும்: கிழங்கு மாவின் மணி உருண்டையாக, ஒரு பக்கம் சீவிவிட்டது போல இருக்கும், மக்காச்சோளத்தின் மணி மூலை மூலையாக இருக்கும்.

“கஞ்சமலைக் கல் காந்தத்தில் ஒட்டுகிறது, அது மேக்னடைட். எங்கள் ஊர் வெள்ளைக்கல் ஒட்டவில்லை, அது மேக்னசைட். பெயர் மட்டும் ஏன் இவ்வளவு ஒற்றுமை? மாங்கனீசும் இதில் சேருமா?”
— மாமாங்கம் வாசகர்

சேரும். மூன்றுக்கும் ஒரே ஊர்ப்பெயர்தான் மூலம்: மக்னீசியா. கிரேக்கத்தின் தெஸ்ஸாலிப் பகுதியில் ஒரு மக்னீசியா உண்டு. இன்றைய துருக்கியில் மனிஸா என்று வழங்கும் நகரமும் பழைய மக்னீசியாதான். காந்தக்கல் எந்த மக்னீசியாவின் பெயரைப் பெற்றது என்பதில் பழைய ஆசிரியர்களிடமே ஒற்றுமை இல்லை. ‘மக்னீசியக் கல்’ என்று காந்தக் கல்லைச் சொன்னார்கள். பிறகு ரசவாதிகள் பார்த்ததற்கெல்லாம் அந்தப் பெயரை வைத்தார்கள். கண்ணாடி உருக்குவோர் பயன்படுத்திய கறுப்புத் தாது ‘கறுப்பு மக்னீசியா’, மருந்துக்கான வெள்ளைப் பொடி ‘வெள்ளை மக்னீசியா’. கறுப்பிலிருந்து வந்த பெயர் மாங்கனீசு. அந்த உலோகம் 1774-இல் பிரிக்கப்பட்டது. வெள்ளையிலிருந்து வந்தது மக்னீசியம். 1808-இல் ஆங்கிலேய வேதியியலார் ஹம்ஃப்ரி டேவி இதைப் பிரித்தபோது, மாங்கனீசோடு குழம்பும் என்று பயந்து ‘மாக்னியம்’ என்றுதான் பெயரிட்டார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை, குழப்பம்தான் நிலைத்தது.

வெள்ளைக்காரர்கள் உங்கள் கரட்டைச் ‘சாக் மலை’ என்று எழுதியதும் இந்த வகைத் தவறுதான். வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்பு என்று நினைத்துவிட்டார்கள். சோதித்துப் பார்க்க வேண்டுமானால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி கல்லின் மேல் விடுங்கள். சுண்ணாம்புக்கல் அங்கேயே பொங்கும். மேக்னசைட் சும்மா இருக்கும். பொடித்தோ அமிலத்தைச் சூடுபடுத்தியோ விட்டால்தான் நுரைக்கும். சூளையிலும் கணக்கு வேறு. சுத்தமான மேக்னசைட் 100 கிலோ போட்டால் 52 கிலோ கரியமில வாயுவாகப் போய் 48 கிலோதான் மிஞ்சும். சுண்ணாம்புக்கல்லில் 56 கிலோ மிஞ்சும்.

மாங்கனீசுக்கும் மாங்காய்க்கும் உறவு உண்டா என்று இதே கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். சேலத்துக்காரருக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான், ஆனால் கிடையாது. மாங்காய் போர்த்துகீசியர் வழியாக ‘மேங்கோ’ ஆன நம் சொல்.

“ஆஸ்பெஸ்டாஸ் என்றால் ‘தீயில் அழியாதது’ என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. சரியா?”
— பள்ளி ஆசிரியை, ஓமலூர்

பாதி சரி. ‘அஸ்பெஸ்டோஸ்’ என்றால் ‘அணைக்கப்படாதது’. பழைய கிரேக்கர் அதைச் சொன்னது கூரைக்கான நாருக்கு அல்ல, சுட்ட சுண்ணாம்புக்கு. தண்ணீர் விட்டு இன்னும் அணைக்காத சுண்ணாம்பு. தமிழில் இதற்குச் சொல்லுக்குச் சொல் ஈடு இருக்கிறது: நீற்றாத சுண்ணாம்பு. நாருக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அமியான்டோஸ்’, மாசுபடாதது; அந்த நாரில் நெய்த துணி அழுக்கானால் தீயில் போட்டு எடுத்தால் வெளுத்துவிடும். பிற்காலத்தில் பெயர் இடம் மாறிவிட்டது. கிரேக்க நாட்டில் இன்றும் சுண்ணாம்புக்கு ‘அஸ்வெஸ்டிஸ்’, நாருக்கு ‘அமியான்டோஸ்’ என்றுதான் சொல்கிறார்கள்.

வகுப்பில் சுண்ணாம்பு நீற்றிக் காட்டுவதானால், கல்லின் மேல் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்காதீர்கள். தெறித்துக் கண்ணில் படும். அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்து அதில் சிறு துண்டாகப் போடுங்கள்.

“ஏற்காட்டுப் பாறை சார்னாக்கைட் என்று கல்லூரியில் படித்தேன். அம்மாவுக்கு ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர் எழுதினார். ‘-ஐட்’, ‘-ஐட்டிஸ்’ இரண்டும் ஒன்றா என்று ஒரு சந்தேகம்.”
— புவியியல் மாணவர், அஸ்தம்பட்டி

அபூர்வமான சந்தேகம், அது சரியும்கூட. இரண்டும் ஒரே விகுதிதான். ஒன்று ஆண்பால், மற்றது பெண்பால்.

கிரேக்கத்தில் ‘-ஈட்டீஸ்’ என்றால் ‘அதைச் சேர்ந்தவன், சேர்ந்தது’. ‘போலிஸ்’ நகரம், ‘பொலீட்டீஸ்’ நகரத்தான். சேலம், சேலத்தான் என்பது போல. ‘லிதோஸ்’ (கல்) என்ற சொல் ஆண்பால். அதனால் ரத்த நிறக் கல் ‘ஹைமடீட்டீஸ் லிதோஸ்’, இன்றைய ஹேமடைட். ‘நோசோஸ்’ (நோய்) பார்க்க ஆண்பால் போல முடிந்தாலும் இலக்கணப்படி பெண்பால். எனவே அதனோடு வரும் அடைமொழி ‘-ஈட்டிஸ்’ என்று முடியும். மூட்டைச் சேர்ந்த நோய் ‘ஆர்த்ரீட்டிஸ் நோசோஸ்’. பிறகு கல் என்ற சொல்லும் நோய் என்ற சொல்லும் உதிர்ந்து வால் மட்டும் நின்றுவிட்டது.

இதில் தவறு நேர்கிற இடம் ஒன்று உண்டு. ‘-ஐட்டிஸ்’ என்றால் அழற்சி என்று மனப்பாடம் செய்கிறோம். இன்றைய மருத்துவத்தில் அது சரி. பழைய மருத்துவ நூலில் அப்படிப் படித்தால் தவறு. அங்கே ‘மூட்டில் வந்த நோய்’ என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது.

சார்னாக்கைட்டின் முன்பாதி கிரேக்கமே இல்லை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை; அதை வைத்துப் புவியியலார் தாமஸ் ஹாலந்து இட்ட பெயர். ஏற்காட்டில் வெட்டிய பாக்சைட்டும் அப்படித்தான்: பிரான்சில் லெ போ என்ற ஊர், பின்னால் கிரேக்க வால்.

மலைப்பாதையில் புதிதாக உடைத்த கல் கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். உடைத்த முகம் எண்ணெய் பூசியது போல, பச்சையும் நீலமும் கலந்த கறுப்பாக இருக்கும். காற்றுபட்ட மேல்தோல் பழுப்பு. அந்தக் கறுப்புக்குக் காரணமான கனிமங்களில் ஒன்றை ஹைப்பர்ஸ்தீன் என்றார்கள். ‘ஹைப்பர்’ மேல், ‘ஸ்தெனோஸ்’ வலிமை; ஹார்ன்பிளெண்ட் என்ற இன்னொரு கனிமத்தைவிடக் கடினமானது என்பதால். இன்று அந்தப் பெயரைக் கைவிட்டு ஆர்த்தோபைராக்ஸீன் என்கிறார்கள். ஆனால் அதற்குள் இருக்கும் ‘பைராக்ஸீன்’ இன்னும் மோசம். ‘பீர்’ தீ, ‘க்ஸெனோஸ்’ அந்நியன்: ‘தீக்கு அந்நியன்’. எரிமலைக் குழம்பில் தற்செயலாக மாட்டிக்கொண்ட வேற்றுக் கனிமம் என்று நினைத்துப் பிரெஞ்சுக் கனிமவியலார் ஆயூயி 1796-இல் வைத்தார். உண்மையில் அது குழம்பிலேயே பிறக்கும் கனிமம். தப்பான பெயர் இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

“ஹைப்போ, ஹைப்பர் இரண்டையும் மாற்றி எழுதித் திட்டு வாங்குகிறேன். சுலபமாக நினைவில் வைக்க வழி சொல்லுங்கள்.”
— நர்சிங் மாணவி, சூரமங்கலம்

ஹைப்போ கீழ், ஹைப்பர் மேல். சூப்பர் மார்க்கெட்டின் ‘சூப்பர்’ லத்தீனில் ஹைப்பருக்கு உடன்பிறப்பு, ‘ர்’ சத்தம் இரண்டிலும் இருக்கும்; ‘ர்’ வந்தால் மேலே. சொல்லைப் பின்னாலிருந்து பிரித்துப் பழகுங்கள். ஹைப்போகிளைசீமியா: ‘ஹைமா’ ரத்தம், ‘கிளூகூஸ்’ இனிப்பு, ‘ஹைப்போ’ கீழ். ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே போனால் எழுதுகிற சொல். வார்டில் அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், பக்கத்தில் எண்ணையும் எழுதுங்கள். எண் பொய் சொல்லாது.

‘பீடி-’, ‘பெடி-’ என்று தொடங்கும் சொற்களிலும் கவனம் வேண்டும். பீடியாட்ரிக்ஸில் இருப்பது கிரேக்கக் ‘குழந்தை’. பெடிக்யூரில் லத்தீன் ‘பாதம்’. வேளாண் கல்லூரிக்காரர் சொல்லும் பெடாலஜியில் (மண்ணியல்) கிரேக்க ‘நிலம்’. மூன்றும் வேறு.

“சில்வர் ஓக் மரத்தில் ஒட்டியிருக்கும் ஆர்க்கிட் செடியை ஒட்டுண்ணி என்று ஆட்கள் பிய்த்துப் போடுகிறார்கள். ஆர்க்கிட் என்பதற்கு அர்த்தம் கேட்டால் சிரிக்கிறார்கள்.”
— காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. ‘ஓர்கிஸ்’ என்றால் விதைப்பை. மத்தியதரைக் கடல் நாடுகளின் தரை ஆர்க்கிடைப் பிடுங்கினால் அடியில் இரண்டு கிழங்கு ஜோடியாக இருக்கும்: போன வருஷத்துக் கிழங்கு சுருங்கிப்போய், இந்த வருஷத்தது புடைத்து. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் காலத்திலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. உங்கள் மரத்தில் தொற்றியிருப்பவற்றுக்கு அப்படிக் கிழங்கே கிடையாது. அவற்றுக்கு டென்ட்ரோபியம் என்ற பேரினப் பெயர்தான் பொருந்தும். ‘டென்ட்ரான்’ மரம், ‘பியோஸ்’ வாழ்வு.

ஒட்டுண்ணியா என்பதற்கும் கிரேக்கம் நேராகப் பதில் சொல்கிறது. ‘பாரசிடோஸ்’: ‘பாரா’ பக்கத்தில், ‘சிடோஸ்’ உணவு. பிறர் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். ‘எபிஃபைட்’: ‘எபி’ மேலே, ‘ஃபூடோன்’ செடி. மேலே உட்காருகிறது, அவ்வளவுதான். இலையில் கை வைப்பதில்லை.

ஆட்களுக்கு வித்தியாசம் காட்ட வேண்டுமானால் வேரைக் காட்டுங்கள். ஆர்க்கிட் வேர் பட்டையின் மேல் படர்ந்திருக்கும். காய்ந்தால் சாம்பல் வெள்ளை, தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரத்தில் பச்சை. உள்ளே போயிருக்காது. புல்லுருவியோ மரத்துக்குள்ளேயே இறங்கி, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கும். அதுதான் பந்திக்காரன். அதன் இலையை மட்டும் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். முடிச்சுக்குக் கீழே கிளையையே வெட்ட வேண்டும்.

தைல மரத்தையும் கேட்டிருந்தீர்கள். ‘எவ்’ நன்றாக, ‘கலுப்டோஸ்’ மூடியது: யூகலிப்டஸ். மொட்டின் உச்சியில் கூம்பாக ஒரு மூடி இருக்கிறதே, அதுதான் பெயருக்குக் காரணம். மற்றப் பூக்களில் இதழாக விரிய வேண்டியது இதில் ஒட்டிப்போய் மூடியாகிவிட்டது. உள்ளே மகரந்தக் காம்புகள் புடைக்கும்போது மூடி கழன்று விழும். மரத்தடியில் குல்லாய் குல்லாயாகக் கிடப்பதெல்லாம் அந்த மூடிதான்.

“பஞ்சாங்கத்து ‘ஓரை’ தமிழா, கிரேக்கமா?”
— அம்மாப்பேட்டை வாசகர்

நாள்பொழுதைக் கோள்களுக்குப் பங்கிடும் சோதிட ஓரை கிரேக்க ‘ஹோரா’. பருவம் என்று தொடங்கிப் பிறகு மணிநேரம் என்று சுருங்கிய சொல். வடமொழி ‘ஹோரா’ வழியாக நம்மிடம் வந்தது. ஆங்கில ‘அவர்’ அதே சொல்லின் மறுகிளை.

பெயர் மட்டும் வரவில்லை, கணக்கும் வந்தது. ஞாயிறு உதயத்தில் முதல் ஓரை சூரியன். அடுத்து சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். எட்டாவது மறுபடி சூரியன், பதினைந்தாவதும் இருபத்திரண்டாவதும் சூரியனே. இருபத்து மூன்று சுக்கிரன், இருபத்து நான்கு புதன். இருபத்தைந்தாவது, அதாவது மறுநாள் உதயம், சந்திரன். அதனால் அது திங்கட்கிழமை. இப்படியே எண்ணினால் அடுத்தது செவ்வாய். கிழமைகளின் வரிசைக்கு அடிப்படையே இந்த ஓரைக் கணக்குதான். காலண்டர் அட்டையில் 6–7 என்று அச்சிட்டிருப்பது சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்டு. தை மாதம் சேலத்தில் உதயம் ஆறரைக்கு மேல். ஓரை பார்க்கிறவர்கள் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சாதகத்தில் 1, 4, 7, 10-ஆம் இடங்களைக் ‘கேந்திரம்’ என்பதும் கிரேக்கம்: ‘கென்ட்ரான்’, மாட்டைக் குத்தும் தார்க்குச்சி முனை. காம்பஸின் ஊசி குத்தும் புள்ளிக்கு அந்தப் பெயர் வந்து, ‘மையம்’ ஆயிற்று.

“நம் ‘அரிசி’யிலிருந்துதான் அரிசிக்கான கிரேக்கச் சொல் ‘ஓரூசா’ வந்தது என்று மேடையில் பேசுகிறார்கள். உறுதியா?”
— செவ்வாய்ப்பேட்டை மண்டி வாசகர்

உறுதி இல்லை. கால்டுவெல் 1856-இல் அப்படிச் சொன்னார், அதன்பின் அது பரவியது. இன்று பெரும்பாலான ஆய்வாளர் ஈரானிய மொழி வழியைத்தான் ஏற்கிறார்கள். வடமொழி ‘வ்ரீஹி’, பஷ்தூ மொழியில் ‘வ்ரிஜே’ போன்ற வடிவம். முன்னால் நிற்கும் ‘வ்’ ஒலிதான் கிரேக்கத்தில் ‘ஓ’ ஆகிறது. ‘அரிசி’யில் அந்த ஒலிக்கு இடமில்லை.

மேடைக்கு நல்ல சான்று வேண்டுமானால் இஞ்சியைச் சொல்லலாம். கிரேக்க ‘ஜிங்கிபெரிஸ்’, பாலி மொழியில் ‘சிங்கிவேர’. அதாவது இஞ்சி + வேர். சொல்முதல் சகரம் தமிழில் உதிர்வது உண்டு, சிறகு இறகு ஆனது போல. வடமொழியில் ‘கொம்பு போன்றது’ என்று பிறகு பொருள் கட்டிக்கொண்டார்கள். மிளகு மண்டியில் இன்னொரு தகவலும் உதவும்: கிரேக்க ‘பெபெரி’ வந்தது ‘பிப்பலி’யிலிருந்து. அது திப்பிலியின் பெயர், மிளகினுடையது அல்ல.

“சுரங்கம்?” — கருப்பூரிலிருந்து ஒற்றைச் சொல்லில் ஒரு அஞ்சலட்டை

கிரேக்க ‘சூரிங்க்ஸ்’ என்பதே மூலம் என்று ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள். முதலில் நாணல் குழல், பிறகு குழாய், பிறகு குழாய் போல மண்ணுக்குள் போகும் வழி. வடமொழியில் ‘சுருங்கா’, பழந்தமிழில் ‘சுருங்கை’. ஊசி போடும் சிரிஞ்சும் அதே சொல்தான். உங்கள் ஊர் வெள்ளைக்கல் குவாரிகள் மேலே திறந்த பள்ளங்கள். ஆகவே சொல்லின் கணக்குப்படி அவை சுரங்கமே அல்ல.